1913-ல் வேலைக்குச் சேர்ந்தவரின் வெள்ளிச் சிலுவை

நீல நாடாவில் தொங்கும் ஒரு சிலுவை. அதன் கைகளை ஒட்டி ஓக் இலை வளையம், நடுவில் கறுப்பு எனாமலில் ஸ்வஸ்திகா. திருப்பிப் பார்த்தால் ஜெர்மன் மொழியில் மூன்றே சொற்கள்: 'ஃப்யூர் ட்ரோயெ டீன்ஸ்டெ'. விசுவாசமான பணிகளுக்காக என்று பொருள். வாங்கியவரின் பெயர் கிடையாது. எந்தத் துறை, எந்த ஊர், எந்த வருடம் என்று ஒன்றும் கிடையாது. வெள்ளி நிறமாக இருந்தால் 25 ஆண்டுப் பணி, தங்க நிறமாக இருந்தால் 40 ஆண்டுப் பணி. அவ்வளவுதான் அது சொல்லும் தகவல்.

1938 ஜனவரி 30 அன்று ஹிட்லர் ஏற்படுத்திய 'ட்ரோய்டீன்ஸ்ட்' பதக்கம் இது. தமிழில் விசுவாசப் பணிப் பதக்கம் என்று சொல்லலாம். ராணுவத்துக்கு அல்ல, அரசு அலுவலகங்களில் வேலை பார்த்த அதிகாரிகள், குமாஸ்தாக்கள், தொழிலாளர்களுக்கு. பழைய பதக்கங்கள் சேர்ப்பவர்களிடம் இதற்குப் பெரிய மதிப்பு இல்லை. போர்க்களப் பதக்கம் என்றால் அதன் பின்னால் ஒரு வீரக் கதை ஒட்டிக்கொண்டு வரும். இதன் பின்னால் இருப்பது தபால் அலுவலகம், வரி அலுவலகம், நீதிமன்றத்தின் ஆவண அறை. 25 வருடம் நாற்காலியைத் தேய்த்ததற்கு ஒரு பதக்கம், அதில் என்ன சுவாரசியம் என்று நானும் நினைத்திருந்தேன். ஒரு சின்னக் கழித்தல் கணக்கு போட்டுப் பார்க்கும் வரை.

கழித்தல் கணக்கு

1938-லிருந்து 25-ஐக் கழித்தால் 1913. அந்த வருடம் ஜெர்மனியில் முடியாட்சி. இரண்டாம் வில்ஹெல்ம் அரியணையில் இருந்தார். முதல் உலகப் போர் தொடங்க இன்னும் ஒரு வருடம் இருந்தது. அப்போது ஜெர்மனியின் மிகப் பெரிய மாநிலமான பிரஷ்யாவில் ஒரு நீதிமன்ற அலுவலகத்தில் 20 வயதில் சேர்ந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். உண்மையான ஆள் இல்லை, கணக்குக்காக நான் நிறுத்திவைக்கும் ஆள். அவர் முதலில் பிரமாணம் எடுத்தது மன்னருக்கு. 1918 நவம்பரில் மன்னர் போய்விட்டார், குடியரசு வந்தது. அடுத்த வருடம் அந்தக் குடியரசுக்கு வைமார் நகரில் எழுதிய வைமார் அரசியலமைப்பு. இப்போது அந்த அரசியலமைப்புக்கு விசுவாசமாக இருப்பேன் என்று பிரமாணம். 1934-ல் மூன்றாவது பிரமாணம், இந்த முறை அடால்ஃப் ஹிட்லர் என்ற ஒரு மனிதரின் பெயருக்கு.

மேசை அதே மேசை. கோப்புகளின் நூல் கட்டும் மாறியிருக்காது. 1938-ல் அவர் கோட்டில் குத்தப்பட்ட வெள்ளிச் சிலுவை, இந்த 25 வருடத்தையும் ஒரே நீளமான விசுவாசமாக எண்ணிக்கொண்டது. யாருக்கு விசுவாசம் என்பதை மட்டும் பின்பக்கத்தில் பொறிக்கவில்லை.

இந்த ஆய்வில் நான் பின்தொடர்வது அந்த எண்ணிக்கையைத்தான். யாருடைய வருடங்கள் எண்ணப்பட்டன, யாருடையவை நடுவில் துண்டிக்கப்பட்டன, கடைசியில் அந்தக் கணக்கை யார் முடித்துவைத்தார்கள்.

மார்பில் எதுவும் குத்தாத 14 ஆண்டுகள்

கடைநிலை ஊழியருக்குப் பதக்கம் கொடுக்கும் பழக்கத்தை நாஜிகள் கண்டுபிடிக்கவில்லை. பிரஷ்யாவில் 1810-லேயே 'பொதுக் கௌரவச் சின்னம்' என்று ஒன்று வந்துவிட்டது. உயர் அதிகாரிகளுக்குச் சிவப்புக் கழுகு விருது, அதிலும் நான்காம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்று படிகள். கீழ்நிலை ஊழியர்களுக்கு இந்தக் கௌரவச் சின்னம். ஒவ்வொரு ஜனவரியிலும் பெர்லினில் அரண்மனை விழா வைத்து விருதுகளைக் கொண்டாடினார்கள். எட்டிப்பூ, காவிதிப்பூ, ஏனாதி மோதிரம் என்று நம் பழைய உரைகளில் வருவதைப் போலத்தான். அரசன் கையால் கிடைக்கும் சின்னம், அதை வைத்தே ஆளின் படிநிலை தெரிந்துவிடும்.

ஆஸ்திரியப் பேரரசர் ஃபிரான்ஸ் ஜோசஃப் 1898-ல் 40 ஆண்டுப் பணிக்கு ஒரு பதக்கம் ஏற்படுத்தினார். பின்பக்கம் ரோமானிய எண்ணில் நான்கு எக்ஸ், அதாவது 40. அவரே அப்போது 50-ஆவது ஆட்சியாண்டில் இருந்தார். அவர் அரியணையில் இருந்த காலத்துக்குள்ளேயே ஒரு ஊழியரின் 40 வருடமும் அடங்கிவிடும். யாருக்கு விசுவாசம் என்ற கேள்வி எழவே இடமில்லை.

ஜெர்மனியில் 1919-ல் இதெல்லாம் நின்றது. வைமார் அரசியலமைப்பின் 109-ஆவது பிரிவு, அரசு பதக்கங்களும் கௌரவச் சின்னங்களும் வழங்கக் கூடாது, எந்த ஜெர்மானியரும் வெளிநாட்டு அரசிடமிருந்து பட்டமோ பதக்கமோ வாங்கக் கூடாது என்றது. படிக்கும்போது நமக்கு உடனே நம் அரசியலமைப்பின் 18-ஆவது பிரிவு நினைவுக்கு வரும். ராவ் பகதூர், திவான் பகதூர் பட்டங்களுக்கு 1950-ல் மூடுவிழா நடத்திய பிரிவு அது. முடியாட்சியை உதறிவிட்டு வரும் குடியரசுகளுக்கு முதலில் உறுத்துவது இந்த நாடாவும் உலோகமும்தான் போலிருக்கிறது. (நம் உச்ச நீதிமன்றம் 1995-ல் பாரத ரத்னாவும் பத்ம விருதுகளும் பட்டங்கள் ஆகா, ஆனால் பெயருக்கு முன்னாலோ பின்னாலோ போட்டுக்கொள்ளக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது தனிக் கதை.)

ஆக, நம் 1913 ஆள் குடியரசின் 14 வருடங்களிலும் சம்பளம் வாங்கினார், வேலை பார்த்தார், மார்பில் ஒன்றும் குத்திக்கொள்ளவில்லை.

ஒரே நாளில் இரண்டு சட்டங்கள்

1933 ஏப்ரல் 7. ஹிட்லர் பிரதமராகி 10 வாரம்கூட ஆகவில்லை. அன்று இரண்டு சட்டங்கள் பிறப்பிக்கப்பட்டன. ஒன்று, பட்டங்கள், விருதுகள், கௌரவச் சின்னங்கள் பற்றியது. அரசு மறுபடியும் பதக்கம் வழங்க அது வழிவிட்டது. இரண்டாவது, 'தொழில்முறை அரசுப் பணியை மீட்டமைக்கும் சட்டம்'. பெயரைப் பார்த்தால் ஏதோ நிர்வாகச் சீர்திருத்தம் என்று தோன்றும். அதன் 3-ஆவது பிரிவு, ஆரிய வம்சாவளி அல்லாத அதிகாரிகளை ஓய்வில் அனுப்பச் சொன்னது. 4-ஆவது பிரிவு, அரசியல் ரீதியாக நம்ப முடியாதவர்களை நீக்க வழி செய்தது.

இந்த இரண்டையும் ஒரே தேதியில் பார்த்தபோது கொஞ்சம் நின்றுவிட்டேன். யாருக்கெல்லாம் பதக்கம் கொடுக்கலாம் என்ற கதவைத் திறந்த அதே நாளில், யாரெல்லாம் அரசுப் பணியில் இருக்கலாம் என்ற கதவை மூடியிருக்கிறார்கள். திட்டமிட்டுச் சேர்த்து வைத்தார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஐந்து வருடம் கழித்து வந்த பதக்கத்தைப் புரிந்துகொள்ள இரண்டு சட்டங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

இப்போது கணக்குக்கு இரண்டாவது ஆள் ஒருவரையும் கொண்டுவருகிறேன். அவரும் 1913-ல் அதே நீதிமன்றத்தில் சேர்ந்தவர். யூதர். அன்றைய பிரஷ்யாவில் யூதர்கள் அரசுப் பணிக்கு வருவது எளிதாக இல்லை, ஆனாலும் நீதித்துறையில் இருந்தார்கள்.

1933 ஏப்ரலில் இந்த இரண்டாமவர் தப்பித்தார். எப்படி என்றால், குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க் தலையிட்டு ஹிட்லருக்குக் கடிதம் எழுதியிருந்தார். அதனால் சட்டத்தில் சில விதிவிலக்குகள் சேர்ந்தன. உலகப் போரில் முன்னணியில் நின்றவர்கள், போரில் தந்தையையோ மகனையோ இழந்தவர்கள், 1914 ஆகஸ்ட் 1-ஆம் தேதி முதலே பணியில் இருப்பவர்கள் ஆகியோருக்கு 3-ஆவது பிரிவு பொருந்தாது. 1913-ல் சேர்ந்தவர் கடைசி வகையில் வருகிறார். நீண்ட கால அரசுப் பணி அவரைக் காப்பாற்றியது. ஒரு வகையில் அவருக்குக் கிடைத்த ஒரே நீண்ட பணி விருது அந்த விதிவிலக்குதான்.

அது இரண்டரை வருடம் தாங்கியது. ஹிண்டன்பர்க் 1934 ஆகஸ்ட் 2 அன்று இறந்தார். 1935 செப்டம்பர் 15 அன்று யூதர்களின் குடியுரிமையைப் பறித்த நியூரம்பெர்க் சட்டங்கள். அவற்றில் ஒன்றான குடியுரிமைச் சட்டத்தின் முதல் விதிமுறை நவம்பர் 14 அன்று வந்தது. யூத அதிகாரிகள் எல்லோரும் 1935 டிசம்பர் 31-உடன் ஓய்வு பெற வேண்டும். இப்போது விதிவிலக்கு எதுவும் இல்லை. 1913-லிருந்து 1935 முடிய 22 வருடம், கூடச் சில மாதங்கள். 25-க்கு மூன்று வருடம் குறைவு.

யாருடைய சோறு

பிரமாணத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பதக்கத்தில் இருக்கும் 'விசுவாசம்' என்ற சொல் அங்கிருந்துதான் பொருள் எடுத்துக்கொள்கிறது.

செஞ்சோற்றுக் கடன் என்ற சொல் நமக்கு உண்டு. கர்ணன் தப்பான பக்கம் நின்று போரிட்டதைக்கூட அந்த ஒரு சொல்லால் மன்னித்துவிடுவோம். துரியோதனன் சோறு போட்டான், கர்ணன் உயிரைக் கொடுத்தான், கணக்குச் சரி. அரசு ஊழியருக்கு இந்தக் கணக்கு இவ்வளவு நேராக வராது. 1913-லும் 1923-லும் 1937-லும் நம் ஆளுக்குச் சம்பளம் வந்தது அரசுக் கஜானாவிலிருந்து. அதை நிரப்பியது மக்களின் வரி. வேலையிலிருந்து விரட்டப்பட்ட இரண்டாமவரின் வரியும் அதில் சேர்த்திதான்.

வைமார் காலத்தில் பிரமாணம் அரசியலமைப்புக்கு என்பதால் இந்தச் சிக்கலுக்கு ஓரளவு பதில் இருந்தது. 1934 ஆகஸ்ட் 20 சட்டம் அதை மாற்றியது. புதிய பிரமாணத்தின் சாரம் இதுதான்: ஜெர்மன் அரசுக்கும் மக்களுக்கும் தலைவரான அடால்ஃப் ஹிட்லருக்கு விசுவாசமாகவும் கீழ்ப்படிந்தும் இருப்பேன், சட்டங்களை மதிப்பேன், என் அலுவல் கடமைகளை மனசாட்சிப்படி நிறைவேற்றுவேன், கடவுள் துணை. முதலில் ஆள், பிறகுதான் சட்டம். ஒரு மனிதரின் பெயர் அரசு ஊழியரின் பிரமாணத்துக்குள் நுழைந்துவிட்டது.

பெரும்பாலானவர்கள் சொல்லிவிட்டு இருக்கைக்குத் திரும்பினார்கள். சொல்ல மறுத்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான், அதனாலேயே அவர்கள் பெயர் நமக்குத் தெரிகிறது. பான் பல்கலைக்கழகத்தில் இறையியல் பேராசிரியராக இருந்த கார்ல் பார்த், ஒரு கிறிஸ்தவனாக எனக்குச் சரியென்று படும் அளவுக்கு என்று ஒரு வரி சேர்த்தால் சொல்கிறேன் என்றார். பணியிடை நீக்கம் செய்தார்கள். அவர் சுவிட்சர்லாந்துக்காரர் என்பதால் 1935-ல் பாசலுக்குத் திரும்ப முடிந்தது. மார்ட்டின் கௌகர் என்ற இளம் அரசு வழக்கறிஞருக்கு அந்த வசதி இல்லை. 1934-ல் எல்லையற்ற விசுவாசத்துக்குப் பிரமாணம் எடுக்க முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டு வேலையை விட்டார். பிறகு ராணுவத்தில் சேர மறுத்து 1940-ல் நெதர்லாந்துக்குத் தப்பினார். பிடிபட்டு, புக்கன்வால்ட் வதை முகாமுக்கு அனுப்பப்பட்டு, 1941 ஜூலையில் சோனன்ஸ்டைன் கொலை மையத்தில் கொல்லப்பட்டார். 1905-ல் பிறந்தவர். 25 வருடப் பணிக்கான பதக்கத்தை எட்டும் வயதுக்கே அவர் வரவில்லை.

1938

இப்போது பதக்கத்துக்கு வருவோம். ஜனவரி 30 என்ற தேதி ஹிட்லர் ஆட்சிக்கு வந்த நாளின் ஐந்தாம் ஆண்டு நிறைவு. அதே நாளில் காவல்துறைக்கும் நாஜிக் கட்சியின் எஸ்.எஸ். படைக்கும் தனித்தனியாக நீண்ட பணிப் பதக்கங்கள் அறிவிக்கப்பட்டன. ராணுவத்துக்கு 1936-லேயே கொடுத்தாகிவிட்டது. விசுவாசப் பணிப் பதக்கத்தை வடிவமைத்தவர் மியூனிக்கைச் சேர்ந்த ரிச்சர்ட் க்ளைன். 25 வருடத்துக்கு இரண்டாம் வகுப்பு, வெள்ளி நிறம். 40 வருடத்துக்கு முதல் வகுப்பு, தங்க நிறம். தனியார் துறையில் 50 வருடம் ஒரே முதலாளியிடம் வேலை பார்த்தவர்களுக்கும் ஒரு சிறப்பு வகுப்பு இருந்தது. அதில் 50 என்ற எண் இருக்கும், பின்பக்க வாசகத்தில் 'பணி' என்பதற்குப் பதில் 'உழைப்பு' என்று மாறியிருக்கும்.

நாடாவின் நீலம் கவனிக்க வேண்டியது. கோதுமை வயல்களில் களையாகப் பூக்கும் ஒரு சிறு பூவின் நீலம் அது. முதலாம் வில்ஹெல்முக்குப் பிடித்த பூ, அவர் தாயார் லூயிசா ராணியோடு சேர்த்துப் பேசப்பட்ட பூ. அதாவது, நடுவில் ஸ்வஸ்திகா, சுற்றிலும் பழைய பிரஷ்யாவின் நிறம். 1913-ல் சேர்ந்தவர் அதைக் குத்திக்கொள்ளும்போது புதிதாக எதையும் ஏற்றுக்கொண்டதாகத் தோன்றியிருக்காது. தன் இளமைக் காலத்து அரசே திரும்ப வந்து முதுகில் தட்டிக்கொடுத்த மாதிரி இருந்திருக்கும். பதக்கத்தின் சாமர்த்தியம் இதில்தான் என்பது என் எண்ணம். மன்னருக்கும் குடியரசுக்கும் அவர் பார்த்த வேலையை ஹிட்லர் தன் கணக்கில் வரவு வைத்துக்கொண்டார்.

எல்லா வருடமும் 365 நாள் அல்ல

நீண்ட பணிப் பதக்கம் என்றால் வருடத்தை எண்ணினால் போதும், அதில் அரசியலுக்கு இடமில்லை என்றுதான் யாரும் நினைப்பார்கள். எண்ணும் விதத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

1939 ஏப்ரலில் நாஜிக் கட்சி தன் ஆட்களுக்கென்று ஒரு பணிப் பதக்கம் ஏற்படுத்தியது: 10, 15, 25 வருடங்களுக்கு. அப்போது கட்சிக்கே 25 வயது ஆகவில்லை. 25 வருடம் எங்கிருந்து வரும்? 1925 முதல் 1933 ஜனவரி வரை கட்சி அதிகாரத்துக்குப் போராடிய காலத்தில் செய்த பணி இரட்டிப்பாக எண்ணப்படும் என்று விதி வைத்தார்கள். அங்கே ஒரு வருடம் இரண்டு வருடம். அதே காலத்தில் குடியரசின் நீதிமன்றத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு ஒரு வருடம் ஒரு வருடம்தான். 1936 ஜனவரியிலிருந்து யூத ஊழியருக்கு ஒரு வருடம் பூஜ்யம்.

பிரிட்டிஷ்காரர்களும் இந்த விஷயத்தில் சளைத்தவர்கள் அல்ல, அவர்கள் காரணம் வேறு. ஏழாம் எட்வர்ட் 1902-ல் 'இம்பீரியல் சர்வீஸ் ஆர்டர்' (ஐ.எஸ்.ஓ.) என்று ஒரு விருதை ஏற்படுத்தினார். பேரரசு முழுவதும் நிர்வாக, எழுத்தர் நிலைகளில் இருந்தவர்களுக்கு. இங்கிலாந்தில் 25 வருடம் வேலை பார்த்திருக்க வேண்டும். இந்தியாவில் 20 வருடம் 6 மாதம் போதும். வெப்ப மண்டலக் காலனிகளில் 16 வருடமே போதும். கொசுவுக்கும் காலராவுக்கும் கொடுத்த தள்ளுபடி என்று வைத்துக்கொள்ளலாம். அந்த 6 மாதத்தை எந்த அதிகாரி உட்கார்ந்து கணக்குப் போட்டார் என்று யோசித்துச் சிரித்திருக்கிறேன்.

ஆர்டர் கிடைக்கும் தகுதி இல்லாத கீழ்நிலை ஊழியர்களுக்கு அதே 1902-ல் 'இம்பீரியல் சர்வீஸ் மெடல்'. ஆர்டர் என்றால் வெள்ளி நட்சத்திரத்தில் தங்கத் தகடு. மெடல் என்றால் வெண்கல நட்சத்திரத்தில் வெள்ளித் தகடு. உலோகத்திலேயே ஒரு படி இறக்கிவிட்டார்கள். 1920-க்குப் பிறகு மெடலை வட்டமாக மாற்றி, பின்பக்கத்தில் வேலை முடிந்து உட்கார்ந்து இளைப்பாறும் ஒரு மனிதனைப் பொறித்தார்கள். இந்த வகைப் பதக்கங்களில் எனக்குப் பிடித்தது அதுதான். வாசகம் இங்கும் விசுவாசமான பணிக்காக என்றுதான் இருக்கும், ஆனால் அந்த மனிதனைப் பார்த்தால் விசுவாசத்தைவிடக் கால்வலிதான் தெரிகிறது.

அந்த இம்பீரியல் சர்வீஸ் ஆர்டரை வாங்கியவர்களில் நமக்குத் தெரிந்தவர் ஒருவர் உண்டு. தமிழ்க் கல்வெட்டுகளின் தேதிகளைக் கணிக்க ஆய்வாளர்கள் கையில் வைத்திருக்கும் பஞ்சாங்க அட்டவணைகளைத் தொகுத்த எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை. திவான் பகதூர் என்று பெயருக்கு முன்னால், ஐ.எஸ்.ஓ. என்று பெயருக்குப் பின்னால். இன்று அந்த மூன்றெழுத்தைப் பார்த்தால் தரச் சான்றிதழ்தான் ஞாபகத்துக்கு வரும், இது அது இல்லை. நூற்றாண்டுக் கணக்கில் திதியும் நட்சத்திரமும் கணித்தவருக்கு அரசாங்கம் கொடுத்தது அவர் வருடங்களைக் கணித்து ஒரு நட்சத்திரம்.

சரி, ஜெர்மனிக்குத் திரும்புவோம்.

அந்த வருடங்களில் நடந்த வேலை

பதக்கம் வாங்கிய பிறகும் நம் 1913 ஆள் தினமும் அலுவலகம் போனார். அவரைப் போன்றவர்கள் அங்கே என்ன செய்தார்கள் என்பதுதான் இந்தப் பதக்கத்தின் மிச்சக் கதை.

1941 நவம்பர் 25 அன்று குடியுரிமைச் சட்டத்தின் 11-ஆவது விதிமுறை வந்தது. நாட்டை விட்டுப் போன, அல்லது நாடு கடத்தப்பட்ட யூதர்களின் சொத்து அரசுக்குச் சேரும் என்றது அது. அதை நிறைவேற்றியது வரித்துறை. ஆட்களை ஏற்றிக்கொண்டு ரயில் போன பிறகு வரி அலுவலர்கள் வீட்டுக்கு வந்து, கட்டில், மெத்தை, கரண்டி, சமையல் பாத்திரம் என்று ஒவ்வொன்றாகப் பட்டியல் எடுத்து, மதிப்புப் போட்டு, ஏலம் விட்டார்கள். அந்த ரயிலுக்குக் கட்டணமும் இருந்தது. அரசு ரயில்வே மூன்றாம் வகுப்புக் கணக்கில் ஒரு கிலோமீட்டருக்கு ஒரு ஆளுக்கு 4 ஃபெனிக் காசு என்று, அனுப்பிய அலுவலகத்திடம் வசூலித்தது. 10 வயதுக்குக் கீழே பாதிக் கட்டணம். 400 பேருக்கு மேல் போனால் குழுச் சலுகை. இவ்வளவும் கொடூரத்தில் ருசி கண்டவர்கள் செய்த வேலை இல்லை. கூட்டல் பிழை வராமல் படிவம் நிரப்பத் தெரிந்தவர்கள் செய்தது. 25 வருட அனுபவம் இருந்தால் பிழை இன்னும் குறைவாகத்தான் இருந்திருக்கும்.

வேறு மாதிரி நடந்தவர் ஒருவரைச் சொல்லியாக வேண்டும். ஹாவல் ஆற்றங்கரை பிராண்டன்பர்கில், தாமாக முடிவெடுக்க முடியாதவர்களுக்கான காப்பாளர் வழக்குகளைக் கவனித்த நீதிபதி லோதர் க்ரைஸிக். மனநலக் காப்பகங்களில் இருந்த அவருடைய பொறுப்பிலுள்ளவர்கள் திடீர் திடீரென்று இறந்துபோவதை 1940-ல் கவனித்தார். ஊனமுற்றவர்களையும் மனநோயாளிகளையும் ரகசியமாகக் கொல்லும் திட்டம் நடக்கிறது என்று புரிந்துகொண்டு நீதி அமைச்சர் கியூர்ட்னருக்கு எழுதினார். தன் அனுமதியின்றி ஆட்களை வேறு இடத்துக்கு மாற்றக் கூடாது என்று காப்பகங்களுக்கு உத்தரவு போட்டார். திட்டத்தின் பொறுப்பாளர்களில் ஒருவரான பிலிப் பூலர் மீது கொலைப் புகாரே கொடுத்தார். அமைச்சர் அவரைக் கூப்பிட்டுப் பேசினார். தலைவரின் விருப்பமே சட்டத்தின் ஊற்று என்று ஏற்க முடியாவிட்டால் நீங்கள் நீதிபதியாக இருக்க முடியாது என்பது அந்தப் பேச்சின் முடிவு. 1942-ல் க்ரைஸிக் ஓய்வில் அனுப்பப்பட்டார்.

விசுவாசம் என்ற சொல்லுக்கு அந்த அரசு என்ன பொருள் வைத்திருந்தது என்பதை அமைச்சரின் அந்த ஒரு பேச்சு காட்டிக்கொடுத்துவிடுகிறது. சட்டத்தைக் காப்பாற்றிய நீதிபதி வீட்டுக்குப் போனார். ஏலப் பட்டியல் எழுதியவர் 40 வருடப் பதக்கத்தை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தார்.

கணக்கு முடிந்த இடம்

1945 மே 8 அன்று ஜெர்மனி சரணடைந்தது. நேச நாடுகளின் கட்டுப்பாட்டுக் குழு அந்த வருடக் கடைசியிலேயே நாஜிச் சீருடைகளையும் சின்னங்களையும் பதக்கங்களையும் அணியத் தடை விதித்தது. ஸ்வஸ்திகாவைப் பொது இடத்தில் காட்டுவது இன்றும் ஜெர்மனியில் குற்றம். ஆனால் பதக்கத்தைக் கழற்றுவது சுலபம். அதை வாங்கியவர்களை என்ன செய்வது?

ஆயிரக்கணக்கானவர்கள் வேலை இழந்திருந்தார்கள். 1951-ல் மேற்கு ஜெர்மனி இரண்டு சட்டங்கள் கொண்டுவந்தது. ஒன்று, 1945-ல் பதவி இழந்த அதிகாரிகளில் பெரும்பாலோருக்கு மறுபடியும் வேலையும் பென்ஷனும் கிடைக்க வழி செய்தது. மற்றொன்று, நாஜிகளால் அரசுப் பணியிலிருந்து விரட்டப்பட்டவர்களுக்கு ஈடு செய்தது. அந்த ஏப்ரல் 7-ஐப் போலவே இங்கும் இரண்டு சட்டங்கள் சேர்ந்து வந்தன, இந்த முறை தட்டுகள் மாறியிருந்தன. நம் முதலாமவருக்கு ஒன்று, உயிரோடு இருந்தால் இரண்டாமவருக்கு மற்றது.

பழைய ஆட்கள் திரும்பி வந்ததன் உச்ச உதாரணம் ஹான்ஸ் க்ளோப்கே. குடியரசுக் காலத்தில் பிரஷ்ய உள்துறையில் இருந்தவர். 1936-ல் நியூரம்பெர்க் சட்டங்களுக்கு விளக்கவுரை எழுதியவர்களில் ஒருவர். 1953 முதல் 1963 வரை மேற்கு ஜெர்மனிப் பிரதமர் அடினாவரின் அலுவலகத்தை நடத்தியவர். கிழக்கு ஜெர்மனி இதை விடாமல் சொல்லிக்காட்டியது. அந்தக் கிழக்கு ஜெர்மனியே 1956-ல் தன் ராணுவத்துக்கு ஒரு பதக்கம் ஏற்படுத்தியது. பெயர்: விசுவாசமான பணிகளுக்கான பதக்கம். அதே ஜெர்மன் சொற்கள்.

இன்று அந்த மாதிரிச் சிலுவை இல்லை. இன்றைய ஜெர்மன் மத்திய அரசு ஊழியருக்கு 25 வருடம் முடிந்தால் ஒரு நன்றிப் பத்திரமும் 350 யூரோவும், 40 வருடத்துக்கு 500, 50 வருடத்துக்கு 600. எண்கள் மட்டும் அப்படியே நிற்கின்றன: 25, 40, 50.

இனி கடைசிக் கணக்கு. 1913-ல் 40-ஐக் கூட்டினால் 1953. நம் முதலாமவர் வேலையில் நீடித்திருந்தால், பழைய விதிப்படி தங்கச் சிலுவைக்கான வருடம். அந்த 1953 டிசம்பர் 17 அன்று மேற்கு ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. 1951-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தங்களுக்குக் கிடைத்தது போதாது, எங்கள் பணி உறவு ஒருபோதும் அறுபடவில்லை என்று வாதாடிய அதிகாரிகளின் வழக்கு அது. அரசு வரும், போகும்; நாங்கள் எப்போதும் அரசுப் பணிக்குத்தான் விசுவாசமாக இருந்தோம் என்பது அவர்கள் வாதத்தின் சாரம். நீதிமன்றம் அந்த 1934 பிரமாணத்தையும் 1933 சட்டத்தையும் எடுத்துவைத்துப் பார்த்தது. அந்த ஆட்சியில் அரசுப் பணியே ஒரு தலைவருக்கும் ஒரு கட்சிக்குமான விசுவாசமாக மாற்றப்பட்டுவிட்டது, அந்த உறவு அந்த ஆட்சியோடேயே போயிற்று என்றது. அடுத்த வருடமே மத்திய உயர் நீதிமன்றம் இதை ஏற்க மறுத்தது. பெரும்பான்மை ஊழியர்கள் வேலையைத்தான் பார்த்தார்கள், ஹிட்லரை அல்ல என்ற பக்கம் அது நின்றது. 1957-ல் அரசியலமைப்பு நீதிமன்றம் தன் நிலையை மறுபடி உறுதிசெய்தது.

தீர்ப்பின் வாசகம் சுருக்கமானது: எல்லா அரசுப் பணி உறவுகளும் 1945 மே 8 அன்று முடிந்துவிட்டன. அதன்படி முதலாமவரின் கணக்கு 32 வருடத்தில் நிற்கிறது. வெள்ளியைத் தாண்டியாயிற்று, தங்கத்துக்கு இன்னும் 8 வருடம்.